உங்கள் குடும்பத்துக்கு எத்தனை சென்ட் பூமி? வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

சூழல் காலடித்தடத்தை உலக ஹெக்டேர் கணக்கில் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை. சென்ட்டில் சொல்லிப் பாருங்கள், உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணம் பக்கம் அரை சென்ட்டுக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருப்பதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கணக்கையும் சென்ட்டிலேயே போடுவோம். 100 சென்ட் ஓர் ஏக்கர், 247 சென்ட் ஒரு ஹெக்டேர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

சூழல் காலடித்தடம் என்பது 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மத்தீஸ் வாக்கர்நாகலும் உருவாக்கிய முறை. நாம் சாப்பிடுவது, உடுத்துவது, எரிப்பது எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு நிலம் உழைத்துக்கொண்டிருக்கிறது. நெல்லுக்கு வயல், மரத்துக்குக் காடு, மீனுக்குக் கடல், குடியிருக்க மனை. அப்புறம் நாம் விடும் புகையை உறிஞ்ச இன்னொரு காடு. இத்தனையையும் கூட்டினால் வருவதுதான் காலடித்தடம்.

வேலையை ஆரம்பிக்க ஒரு நோட்டு, ஒரு வருஷத்து மின்கட்டண விவரம், கேஸ் புக்கிங் குறுஞ்செய்திகள், மளிகைக் கடைச் சிட்டை, இவை வேண்டும். சிட்டை இல்லாவிட்டால் வீட்டில் சமைப்பவரைக் கேளுங்கள். மாதம் எத்தனை கிலோ துவரம்பருப்பு என்பதற்கு அவரிடம் சரியான பதில் இருக்கும்.

முதலில் புகை. அதுதான் பெரிய தொகை. உலகத்துக் காடுகள் சராசரியாக ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இரண்டே முக்கால் டன் அளவில் கரியமில வாயுவை உள்வாங்குகின்றன என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நம் அளவையில் பிரித்தால் ஒரு சென்ட் காடு வருஷத்துக்குப் பத்து கிலோ சொச்சம். நான் பத்து என்றே வைத்துக்கொள்கிறேன், வாய்க்கணக்குக்கு வசதி. கடல் உள்வாங்கும் பங்கை அவர்கள் முதலிலேயே கழித்துவிடுவார்கள். நாம் கழிக்காமல் விடுவதால் நம் தொகை கொஞ்சம் கூடுதலாக வரும், பரவாயில்லை.

மின்சாரம்: நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக 100 யூனிட் என்றால் 7 சென்ட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 இலவச யூனிட்டைக் கழித்துவிடாதீர்கள். பணம்தான் தள்ளுபடி, நெய்வேலியில் அதற்கும் சேர்த்துத்தான் எரிகிறது. பில்லில் மொத்த நுகர்வு என்று இருக்கும் எண்ணை எடுங்கள். நாங்கள் வீட்டில் நாலு பேர். ஆறு பில்லையும் கூட்டினால் 2,720 யூனிட், அதாவது 190 சென்ட். கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர் காடு எங்கள் மின்விசிறிக்கும் ஏசிக்கும் மட்டுமே வேலை செய்கிறது. குடியிருக்கும் மனையோ மூன்றே சென்ட்.

சமையல் கேஸ்: 14.2 கிலோ சிலிண்டர் எரிந்து முடியும்போது 42 கிலோ போல கரியமில வாயு ஆகிவிடும். ஒரு சிலிண்டருக்கு நாலே கால் சென்ட். எங்களுக்கு வருஷத்துக்கு எட்டு சிலிண்டர், 34 சென்ட்.

பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. மாதம் 25 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 70 சென்ட் ஆகிறது. ஸ்கூட்டரில் ஒருவராகப் போனால் கிலோமீட்டருக்கு 50 கிராம் அளவில் வருகிறது. ஆள் நிறைந்த டவுன் பஸ்ஸில் ஒருவர் பங்கு அதில் கால்வாசிதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. என் மருமகள் வேலைக்கு அதில்தான் போகிறாள். வீட்டில் மிகக் குறைந்த தடம் அவளுடையது.

அடுத்து வயிறு. இங்கே அளக்க வேண்டியது நேரடியான நிலம் என்பதால் எனக்கு இது பிடித்த பகுதி. மாதம் 25 கிலோ மூட்டை ஒன்று, வருஷத்துக்கு 300 கிலோ அரிசி. அரைவையில் மூன்றில் இரண்டு பங்குதான் அரிசியாகத் தேறும் என்பதால் 450 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு ஒரு போகத்தில் இரண்டு டன் என்று வைத்தால் 22 சென்ட் வயல். குறுவையும் தாளடியும் விளைகிற இரு போக நிலமென்றால் பாதியாக வெட்டிவிடலாம்.

துவரம்பருப்பில்தான் ஆச்சரியம். நாம் வாங்குவது மாதம் இரண்டரைக் கிலோதான். ஆனால் துவரை பெரும்பாலும் மானாவாரி, ஏக்கருக்கு 350 கிலோ விளைந்தாலே நல்ல விளைச்சல். உடைத்துத் தோல் நீக்கிய பிறகு பத்துக்கு ஏழு தேறும். எல்லாம் போக 12 சென்ட் வருகிறது. அரிசியில் பத்தில் ஒரு பங்கு எடைக்கு, அரிசியின் நிலத்தில் பாதிக்கு மேல்! அந்த 12 சென்ட் கர்நாடகத்துக் குல்பர்கா பக்கம் இருக்கலாம், கடல் தாண்டி மொசாம்பிக்கிலும் இருக்கலாம். அதற்காக சாம்பாரை நிறுத்த வேண்டியதில்லை. பருப்புச் செடி காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும், தண்ணீரும் அதிகம் கேட்காது.

உளுந்துக்கு நான் நிலமே எழுதுவதில்லை. டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்தபின் மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது விளைந்துவிடும். நெல்லுக்குப் பதிந்த சர்வே எண்ணையே இரண்டாம் முறை பதியக்கூடாது. உங்கள் ஊர் உளுந்து தனிப்பயிராக விளைவதென்றால் எழுதுங்கள்.

கடலை எண்ணெய் வருஷத்துக்கு 40 லிட்டர் என்றால் 14 சென்ட் வரும். செக்கில் ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ கடலைப்பருப்பு போகிறது. வாரம் ஒரு கிலோ பிராய்லர் கோழிக்கறிக்கு 13 சென்ட். கோழி ஷெட் இருப்பது ஒரு மூலையில்தான், ஆனால் அது தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் விளைய இடம் வேண்டுமே. பாலுக்கு இப்படிக் கணக்கெடுக்க முயல வேண்டாம். வைக்கோலும் வரப்புப் புல்லும் தின்கிற மாட்டையும் தீவன மூட்டையில் வளரும் மாட்டையும் ஒரே தொகையில் அடக்க முடியாது.

வீடு கட்டியதை மறந்துவிடுவார்கள். ஒரு மூட்டை சிமெண்ட் தயாராக 30 கிலோ கரியமில வாயு, அதாவது 3 சென்ட். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டையும் நாலு டன் கம்பியும் போயிருக்கும். அதை ஐம்பது வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 45 சென்ட் அளவில் வரும். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்று யோசிக்கும்போது இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மனையையும் சேர்த்து எங்கள் கூட்டல் 400 சென்ட்டைத் தொடுகிறது. ஆளுக்கு ஓர் ஏக்கர். இதில் பால், காய்கறி, துணி, ரயில், ஆஸ்பத்திரி, சாலை எதுவும் வரவில்லை. அவையெல்லாம் சேர்ந்த முழுக் கணக்கில் சராசரி இந்தியரின் தடம் சுமார் 1.2 உலக ஹெக்டேர், மூன்று ஏக்கர் என்று கொள்ளுங்கள். இந்தியாவின் வயலும் காடும் கடலும் ஆளுக்குத் தரக்கூடியதோ சுமார் 0.4, ஓர் ஏக்கர். உலகம் முழுக்கப் பார்த்தால் இருப்பது ஆளுக்கு ஒன்றரை உலக ஹெக்டேர், செலவழிப்பது இரண்டரைக்கு மேல். அந்த வித்தியாசத்துக்குப் பட்டா எங்கும் இல்லை. உறிஞ்ச ஆளில்லாத புகை வானத்தில் தங்குகிறது, மீனும் மரமும் வளர்வதற்குமுன் எடுக்கப்படுகின்றன. உலக ஹெக்டேர் என்பது சராசரி விளைச்சல் உள்ள கற்பனை ஹெக்டேர். நம் சென்ட்டோடு அச்சாகப் பொருந்தாது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும்.

இந்த அளவுகோலுக்குக் கண் தெரியாத இடங்களும் உண்டு. காவிரித் தண்ணீர் எவ்வளவு செலவாகிறது என்பதை இது எண்ணாது. தண்ணீர் கட்டிய நெல் வயலிலிருந்து வரும் மீத்தேனையும் எண்ணாது. வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது தண்ணீரை வற்றவிட்டு மறுபடி கட்டுவதாக வைத்தால் அந்த வாயு மூன்றில் ஒரு பங்காவது குறையும், தண்ணீரும் மிஞ்சும். ஆனால் உங்கள் நோட்டில் அரிசிக்கு எதிரே அதே 22 சென்ட்தான் நிற்கும். சொந்த வயல் உள்ளவர்கள் அதைத் தனி வரியாக எழுதி வையுங்கள்.

சரி, எதைக் குறைப்பது? நோட்டில் பெரிய எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். வெயில் காலத்தில் இரவெல்லாம் ஓடும் பழைய ஒன்றரை டன் ஏசி ஒன்றே ஆயிரம் யூனிட் தின்னும், அது 70 சென்ட். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியைப் போட்டுப் படுத்தாலே கணிசமாக இறங்கும். கல்யாணத்தில் ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்து எல்லாம் சரியாகிவிட்டது என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கன்று நல்லதுதான். சென்ட்டுக்குப் பத்து கிலோ என்ற கணக்கை மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

அளவைக்காரன் கண்ணுக்கு மாடிச் சூரியத் தகடுதான் அதிசயமாகத் தெரிகிறது. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம் போதும், நாளுக்கு நாலு யூனிட் தரும். இரண்டு கிலோவாட் போட்டால் அரை சென்ட் இடத்தில் எங்கள் 190 சென்ட் தீர்ந்துவிடும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம். நான் இன்னும் போடவில்லை, பக்கத்து வீட்டுத் தென்னை மத்தியானம் இரண்டு மணிக்கே எங்கள் மாடியில் நிழல் விழுத்துகிறது. நீங்களும் விண்ணப்பிக்கும் முன் மார்கழியில் ஒருநாள் மாடியில் நின்று பாருங்கள். அப்போது வெயில் தெற்கே சாய்ந்து நிழல் நீளும். காலை ஒன்பது, உச்சி, பிற்பகல் மூன்று என மூன்று வேளையும் நிழல் விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால், தகடு வைக்க மிஞ்சும் இடம் தெரியும்.

அபார்ட்மென்ட்காரர்கள் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது மீட்டரின் யூனிட்டையும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சேர்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் வீடு கட்டிய 45 சென்ட்டைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம், வீட்டுக்காரர் எழுத மாட்டார்.