கடலூர், புதுச்சேரிப் பகுதியில் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது எப்படி?

ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புவோர் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அதை 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. 1957 முதல் இந்தியாவில் இருக்கிறது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. வரலாறு இவ்வளவு போதும். கூட்டம் நடக்கும் அறையைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

முதலில் மருத்துவர்

தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம், உயிரே போகலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, கோரிமேடு ஜிப்மரின் மனநலப் பிரிவுக்கோ போய், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. அங்கே இருப்பவர்களே அதைச் சொல்வார்கள்.

தேடுதல்

குடியை நிறுத்துவது எப்படி என்று இணையத்தில் தட்டினால் மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்கள்தான் முதலில் வரிசைகட்டும். அவை தங்கிச் சிகிச்சை பெறும் இடங்கள். பெரும்பாலும் கட்டணம் உண்டு. போனை எடுத்தவர் முன்பணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை என்று வைத்துவிடுங்கள். ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் தொடங்குவதே சரி. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416.

போனில் பேசுதல்

எந்தக் கூட்டப் பட்டியலையும் நம்பி நேராகக் கிளம்பாதீர்கள், முதலில் அதிலுள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குழுக்கள் இடம் மாறும், நேரம் மாறும், பட்டியல் மட்டும் மாறாது. பெரும்பாலும் தேவாலய வளாகத்திலோ பள்ளியிலோ ஓர் அறையைக் கேட்டுப் பெற்றுக் கூட்டம் நடத்துவார்கள். வாசலில் பெரிய பலகை எதிர்பார்க்க வேண்டாம். நான் தடுமாறியது இங்கேதான். வளாகம் வரை போயாகிவிட்டது. எந்தக் கட்டடம் என்று தெரியவில்லை. காவலாளியிடம் என்னவென்று கேட்பது?

ஆகவே போனிலேயே இவற்றைக் கேட்டுவிடுங்கள்: இன்று கூட்டம் உண்டா, எந்த வாசல், எந்த மாடி, தமிழிலா ஆங்கிலத்திலா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா? திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர் யாரும் உடன் வரலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். கடைசியாக, "நான் புதியவன், வாசலில் யாராவது நிற்க முடியுமா?" என்று கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நின்றவர் முகத்தைப் பார்த்த பிறகு திரும்பிப் போவது கடினம். அதற்காகவே கேட்க வேண்டும்.

பயணம்

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக் கூட்டத்தைத் தேடுவது இயல்பு. சுமார் 22 கிலோமீட்டர், பஸ்ஸுக்குக் குறைவில்லை. சிக்கல் வழியில் இருக்கிறது. முள்ளோடை எல்லை வந்ததும் மதுக்கடைகள் தொடங்கிவிடும். அதற்கென்றே அங்கே இறங்கிப் பழகிய கால்கள் நம்முடையவை. முதல் சில வாரங்களுக்குத் துணையோடு போங்கள், இல்லையென்றால் கடலூர்ப் பக்கத்திலேயே குழு உண்டா என்று விசாரியுங்கள். தெரிந்தவரை அந்த அறையில் பார்த்தால்? அவரும் அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

உள்ளே

ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. ஒவ்வொருவராகத் தம் கதையைப் பகிர்வார்கள். குறுக்கே பேசுவதும் அறிவுரை சொல்வதும் வழக்கமில்லை. உங்கள் முறை வந்தால் பெயரைச் சொல்லி, "இன்று கேட்க வந்தேன்" என்றால் போதும். முழுப்பெயர் வேண்டாம். காணிக்கைப் பை சுற்றி வரும். புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. முடிந்தவுடன் ஓடிவிடாமல் டீ நேரத்துக்கு நில்லுங்கள். தொலைபேசி எண்கள் கைமாறுவது அப்போதுதான். என் கணக்கில் கூட்டத்தின் பாதிப் பயன் அந்த எண்களில் இருக்கிறது: மாலையில் கை பரபரக்கும்போது அழைக்க ஒருவர் வேண்டும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

குடித்துவிட்டுப் போகலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போகலாம், பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள்.

பிரார்த்தனை இருக்கிறதே, மதம் மாற்றுவார்களா? மாற்ற மாட்டார்கள். எந்த மதத்தோடும் ஏ.ஏ.வுக்குத் தொடர்பில்லை. பிரார்த்தனையில் சேர விருப்பமில்லாதவர் சும்மா நிற்கலாம்.

ஆண்கள் மட்டும் இருக்கும் அறையில் நுழையத் தயங்கும் பெண்கள், பெண்களுக்கான இணையவழிக் கூட்டத்தில் தொடங்கலாம்.

குடிப்பவர் வர மறுக்கிறார் என்று எழுதிய மனைவிமாருக்கு: குடும்பத்தாருக்கென்று அல்-அனான் தனியாக இருக்கிறது. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளை மட்டும் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். மதுவை உடல் ஏற்காதபடி செய்யும் டைசல்பிராம் போன்ற மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் அவர் மது குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் எழுதித் தந்து, சாப்பிடுபவருக்கும் தெரிந்திருந்தால் அதே டைசல்பிராம் நல்ல மருந்து.