கீசர் போடாமலே வெந்நீர் வருகிறதா? ஒரு வாளி வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்

கத்திரி வெயில் மே 4 வாக்கில்தான் தொடங்கும். ஆனால் வேலூரில் எங்கள் வீட்டில் ஏப்ரல் பாதியிலேயே, பகல் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடும். அந்தத் தண்ணீரில்தான் குழந்தைக்குக் கால் கழுவிவிட வேண்டும் என்பதால் இதை விடாமல் பார்க்க ஆரம்பித்தேன். டேங்கையே மாற்றிவிடலாம் என்றார்கள். மாற்றவில்லை. சூடு எங்கே ஏறுகிறது என்று தெரிந்தால் செலவு பெரிதாக இருக்காது. நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தேவையானவை: ஒரு வாளி, ஒரு மக், மீன் தொட்டிக்குள் போடும் கண்ணாடி வெப்பமானி ஒன்று (50 டிகிரி வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள்). காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

படி 1: எவ்வளவு குளிர்ச்சி சாத்தியம்?

நிலத்துக்குள் சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் அது ஏறக்குறைய 28 முதல் 30 டிகிரி. போர் தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் சித்திரை மதியத்தில் சில்லென்றும் தெரிவது இதனால்தான். தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, வெளிக்காற்றுதான் மாறுகிறது. நம் தோலின் வெப்பம் 33, 34 டிகிரி. தண்ணீர் 30 இருந்தால் உடம்புக்கு இதம். 35-ஐத் தாண்டினால் குளிர்ச்சியே தெரியாது. ஆகவே 30, 31-ஐ இலக்காக வையுங்கள். அதற்குக் கீழே குழாயில் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 2: சம்ப்பில் பாருங்கள்

மூடியைத் திறந்து ஒரு வாளி மொண்டு அளந்து பாருங்கள். 29, 30 இருந்தால் கீழே குறை இல்லை, சூடு மாடியில்தான் ஏறுகிறது. மூடியை உடனே மூடிவிடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் முக்கியமாக.

படி 3: வாளி சோதனை

மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. பகல் இரண்டு மணிக்கு, ஒரு மணி நேரமாவது யாரும் திறக்காத குழாயைத் தேர்ந்தெடுங்கள். முதல் மக், அரை வாளி, முழு வாளி, இரண்டாவது வாளி என்று நான்கு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், துணி துவைக்க ஆகும்.

ஒரு அங்குலப் பைப்பில் ஒரு மீட்டருக்குச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். மாடித் தரையில் 18 மீட்டர் பைப் வெயிலில் கிடந்தால் 9 லிட்டர். அதாவது அரை வாளி. எங்கள் வீட்டில் முதல் மக் 44, அரை வாளிக்குப் பிறகு 36. ஆக, சுட்டது பைப்பில் நின்ற தண்ணீர். டேங்கில் இருந்தது வெதுவெதுப்பு மட்டும்தான்.

உங்கள் வீட்டில் இரண்டாவது வாளியும் அதே சூட்டில் வந்தால் டேங்கைக் கவனிக்க வேண்டும். டேங்க் காலியாகக் காலியாகச் சூடு கூடினால் அதற்கும் காரணம் உண்டு: சூடான தண்ணீர் மேலே மிதக்கும், ஆறியது அடியில் தங்கும். வெளியேறும் குழாய் அடியில் இருப்பதால் மேல்தட்டுச் சூடு கடைசியில்தான் வந்து சேரும்.

படி 4: பைப்புக்கு நிழல்

பைப்பில் தண்ணீர் கொஞ்சம், வெயில் படும் பரப்போ அதிகம். அதனால் சீக்கிரம் கொதிப்பேறும். ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரை உறையைப் பலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். உறை சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். காலையிலிருந்து வெயிலில் நிற்கும் அரை வாளித் தண்ணீர் மதியத்துக்குள் எப்படியும் சுட்டுவிடும். வெயிலில் அந்த நுரையும் உதிர்ந்துபோகும்.

முதலில் நிழல் வேண்டும். பைப்பைத் தரையிலிருந்து செங்கல் உயரம் தூக்குங்கள். இருபுறமும் செங்கல் வரிசை வைத்து, மேலே பழைய ஓடுகளை அடுக்கினால் போதும். காற்று உள்ளே புகுந்து வெளியேற இடைவெளி விடுங்கள். நுரை உறை போடுவதானால் இதற்குப் பிறகு போடுங்கள்.

படி 5: டேங்குக்குப் பந்தல்

ஏப்ரல் 24 வாக்கில் சென்னை, வேலூர்ப் பக்கம் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நம் நிழல் காலடியில் மறைந்துவிடும். மே மாதத்திலும் நண்பகலில் உச்சியை விட்டு அதிகம் விலகாது. அதனால் பக்கவாட்டில் தட்டி கட்டுவதைவிட மேலே மறைப்பதே முக்கியம். நாலு சவுக்குக் கம்பு நட்டு, டேங்குக்கு மேல் ஒரு முழ இடைவெளி விட்டுக் கீற்று வேய்ந்துவிடுங்கள். நர்சரிக்காரர்கள் கட்டும் பச்சை வலையானால் இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். காற்றுக்குப் பிய்த்துக்கொண்டு போகாதபடி நன்றாக இறுக்க வேண்டும். மேற்குப் பக்கம் மட்டும் ஒரு தட்டி சேர்த்தால் மாலை வெயிலுக்கு ஆகும்.

பகலில் டேங்கை நிரப்பியே வையுங்கள். 1000 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதே வெப்பம் 250 லிட்டரில் ஏறினால் நாலு டிகிரி கூடும். கால் டேங்க் தண்ணீர் சுடுவது இதனால்தான்.

நனைத்த சணல் சாக்கை டேங்கில் சுற்றுவதும் நல்ல வழி, மண்பானையில் நடப்பதே இதிலும் நடக்கிறது, ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஆனால் வேலூர், மதுரை மாதிரி வறண்ட காற்று வீசும் ஊரில்தான் நன்றாகப் பலிக்கும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பலன் குறைவு.

வெள்ளை டேங்க் வாங்குவதானால் உள்ளே வெளிச்சம் புகாததாகப் பாருங்கள். வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும்.

படி 6: மோட்டார் போடும் நேரம்

விடிவதற்கு முன் ஒருமுறை நிரப்புங்கள். அப்புறம் சாயங்காலம் குளிப்பதற்கு முன் சம்ப்பிலிருந்து மறுபடி ஏற்றுங்கள்.

படி 7: இன்னும் சுடுகிறதா?

மிக்சர் குழாய் இருந்தால், அதன் உள்வால்வு தேய்ந்து கீசர் வெந்நீர் பச்சைத் தண்ணீர்ப் பைப்புக்குள் கசியலாம். கீசரை அணைத்து, அதற்குத் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சூடு குறைந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் அதற்கும் இதே சோதனைதான்.

துபாய் மாதிரி வளைகுடா ஊர்களில் இருப்பவர்களுக்கு இது தலைகீழ். கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து குளிப்பார்கள். ஏசி வீட்டுக்குள் ஆறி நிற்கும் ஹீட்டர் தண்ணீர்தான் அங்கே குளிர்ந்த தண்ணீர்.

கடைசியாக டேங்கைக் கழுவுவது. 20 முதல் 45 டிகிரி வரை நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும், தண்ணீரில் கலந்த குளோரினும் சூட்டில் சீக்கிரம் போய்விடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கோடை தொடங்கும் முன்பே கழுவிவிடுங்கள். பந்தல் போட்ட பிறகு ஆள் உள்ளே இறங்க இடம் இருக்காது, அதனால் கழுவிவிட்டுக் கம்பு நடுங்கள்.