18 என்று போட்டிருக்கும், 4 மைக்தான் மாட்டலாம்: ஸ்டுடியோ கருவி வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒரு ஸ்டுடியோ வைக்கலாம் என்று முடிவெடுத்தவர் முதலில் கேட்பது "எந்த இன்டர்ஃபேஸ் நல்லது?" என்றுதான். மைக்கையும் கருவிகளையும் கணினியோடு இணைக்கும் பெட்டிதான் இன்டர்ஃபேஸ். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. தனியாகப் பாடி, கீபோர்டில் டிராக் போட்டு, ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிபவருக்கு இரண்டு இன்புட் தாராளம். சின்னக் கச்சேரி ஒன்றை அப்படியே பதிய வேண்டும் என்றால் கணக்கு வேறு. மிருதங்கத்தில் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் போய்விடும். வாய்ப்பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று. அப்புறம் கடமோ கஞ்சிராவோ வந்து உட்கார்ந்தால் ஐந்தாவது தேவை.

பெட்டியின் மேல் இருக்கும் எண் ஏமாற்றுவது இங்கேதான். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் 4ஐ4 (உள்ளே நாலு, வெளியே நாலு) என்றால் நாலு மைக் மாட்டலாம் என்று நினைத்து வாங்குகிறார்கள். அதில் மைக் ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி, இரண்டுதான். மற்ற இரண்டும் கீபோர்டு மாதிரியான கருவிகளுக்கான லைன் இன்புட். அதே வரிசையின் மூன்றாம் தலைமுறை 18ஐ8-இல் மைக் ப்ரீஆம்ப் நான்கு. மிச்சம் 14-இல் நான்கு லைன், எட்டு ஏடாட், இரண்டு எஸ்பிடிஃப். ஏடாட், எஸ்பிடிஃப் இரண்டும் வேறு கருவியிலிருந்து டிஜிட்டலாக ஒலியை வாங்கும் இணைப்புகள். அந்த எட்டு ஏடாட் சானலில் மைக் மாட்ட, இன்னொரு எட்டு சானல் ப்ரீஆம்பைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். விளம்பரத்தில் பொய் எதுவும் கிடையாது. விவரப் பட்டியலில் 'மைக் ப்ரீஆம்ப் எத்தனை' என்ற வரியைத் தேடிப் படிக்காவிட்டால் நஷ்டம் நமக்கு.

அடுத்த எண் 192 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது; ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்தாலே 22,050 வரை பிடித்துவிடும். வீடியோவுக்கான ஒலி என்றால் 48 வையுங்கள். 192-இல் பதிந்தால் கோப்பு நாலு மடங்கு பெருக்கும், லேப்டாப் திணறும், பாட்டு அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு சாம்பிளையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறது என்பதைச் சொல்லும் 24 பிட்டை மட்டும் விடாதீர்கள். அது இருந்தால் சிவப்பு விளக்கைத் தொடும்வரை கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்ற வேண்டியதில்லை, உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நின்றால் போதும். யுஎஸ்பி-சி என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதும் வீண். சி என்பது துளையின் வடிவம். பல இன்டர்ஃபேஸ்களில் ஓடுவது யுஎஸ்பி 2.0-தான். அதன் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். எட்டு சானலை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியத் தேவைப்படுவது பத்து மெகாபிட்டுக்கும் குறைவு.

பாடும்போது தன் குரல் ஹெட்போனில் பின்தங்கி வருகிறது என்று இன்டர்ஃபேஸையே மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது பஃபரை, அதாவது கணினி ஒரே தவணையில் சேர்த்து வைத்துக் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கையை. 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்று வைத்திருந்தால் உள்ளே வர 23 மில்லிவிநாடி, வெளியே போக இன்னொரு 23. அதை 128-க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 3 மில்லிவிநாடிதான். விண்டோஸ் என்றால், இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருளை) நிறுவியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

மைக் விஷயத்தில் பாட்காஸ்ட் பார்த்து ஆசைப்பட்டு ஷூர் எஸ்எம்7பி வாங்குவது வழக்கமாகிவிட்டது. நல்ல மைக்தான். ஆனால் அதற்கு 60 டெசிபெல்லுக்குக் குறையாத கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. பல தொடக்கநிலை இன்டர்ஃபேஸ்கள் 55-ஐ ஒட்டி நின்றுவிடும்; குமிழை முழுக்கத் திருகினாலும் குரல் சன்னமாகவும் இரைச்சல் தாராளமாகவும் வரும். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் மலிவான கண்டென்சர் மைக். அது உங்கள் குரலோடு சீலிங் ஃபேன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெருவில் போகும் ஆட்டோ எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் பதியும். அடைக்காத அறைக்கு எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்துப் பாடுவதே மேல் என்பேன். இன்னொன்று, பெரிய கண்டென்சர் மைக்குகளில் பெரும்பாலானவற்றின் முகம் பக்கவாட்டில் இருக்கும். மேல்முனையில் பாடிவிட்டு 'மைக் மங்கலாக இருக்கிறது' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம். வீணையில் ஒட்டும் பீசோ பிக்கப்பை (அதிர்வை ஒலி சிக்னலாக்கும் சில்லை) லைன் இன்புட்டில் செருகினாலும் ஒலி மெலிந்து போகும்; இன்டர்ஃபேஸில் இருக்கும் 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமென்ட்) பொத்தானை அழுத்துங்கள்.

இனி அறை. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் ஒலிக்கு அதைவிட மோசமான வடிவம் கிடையாது. பத்தடிக்கு இடைப்பட்ட சுவர்களில் எதிரொலித்து நிற்கும் முதல் அலை சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் மூன்று திசையிலும் அதே 56 குவியும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை வெறுமனே மீட்டினால் வருவது 55. அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அறையின் நட்டநடுவில் நின்று கேளுங்கள்: பேஸ் காணாமல் போயிருக்கும். மூலைக்குப் போனால் குமுறும். நடுவில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்பவர், பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். காரில் போட்டுக் கேட்டால் கதவு அதிரும். எட்டு அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கினால் இது கூடத்தான் செய்யும், ஐந்து அங்குலம் போதும். முட்டை அட்டையும் ஒரு அங்குல ஃபோமும் உச்ச ஒலியை மட்டும் விழுங்கி, கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடும். நாலு அங்குல ராக்வூலை (பாறை இழைப் பலகையை) துணியில் சுற்றி மூலைகளில் நிறுத்துங்கள், நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துங்கள். இன்டர்ஃபேஸில் மிச்சம் பிடிக்கும் பணம் இங்கே போகட்டும்.

ஸ்பீக்கரில் 'உம்' என்று இரைந்தால் உடனே கேபிளை மாற்றாதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் பிரச்சினை மின் இணைப்பில், பெரும்பாலும் எர்த்தில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மூன்று துளை பிளக்கில் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனபோது மட்டும் இரைச்சல் வருகிறதென்றால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். ஸ்டுடியோவுக்கு சைன் வேவ் வேண்டும்.

பழைய கருவி வாங்குவதில் தப்பில்லை. ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்புள்ள இன்டர்ஃபேஸ் அடிமாட்டு விலைக்கு வருகிறதே என்று மட்டும் பாய்ந்துவிடாதீர்கள்; புதிய லேப்டாப்பில் அந்தத் துளையே இருக்காது. யுஎஸ்பி என்றாலும் உங்கள் விண்டோஸுக்கோ மேக்குக்கோ டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நேரில் போய், கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தானைப் போட்டு, அந்த வகை மைக் ஒன்றை ஒவ்வொரு மைக் இன்புட்டிலும் மாட்டிப் பேசிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.