முதலில் பெட்ரோல், அப்புறம்தான் டைமிங்

ஷார்ஜாவின் அல் பதாயர் மணல்மேட்டில் ஏறும்போதெல்லாம் என் வண்டி எஞ்சினில், தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். 4 லிட்டர் வி6, மேலே காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜர், அந்த அழுத்தம் (பூஸ்ட்) 6 பிஎஸ்ஐ. தார்ச்சாலையில் ஒரு குறையும் இல்லை. மணலில் மட்டும்தான், அதுவும் வெயில் ஏறிய பிறகு.

டைமிங்கைக் குறை, அதாவது ஸ்பார்க் ப்ளக் பொறி விடுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்து என்றார்கள். குறைத்தேன், சத்தம் அடங்கியது, கூடவே இழுவையும் போனது. சரி என்று ப்ளக்கைக் கழற்றினால், வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள், நடுவே மினுக்கும் ஒன்றிரண்டு அலுமினியத் துணுக்குகள். பிஸ்டன் அரிபடுகிறது! வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சமமாக இருந்தது.

புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் மாட்டி ஓட்டினேன். முழு ஆக்சிலேட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 பக்கம் நிற்க வேண்டும். 4,500 ஆர்பிஎம்முக்கு மேல் 13-ஐத் தொட்டது, அதாவது பெட்ரோல் போதவில்லை; சத்தத்துக்குக் காரணம் அதுதான். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் 96 சதவீத நேரம் திறந்தே கிடந்தன. அதற்கு மேல் அவற்றால் ஊற்ற முடியாது.

பெரிய இன்ஜெக்டர், ஒரு படி குளிர்ந்த (சூட்டைச் சீக்கிரம் கடத்தும்) ப்ளக், அதில் 0.8 மி.மீ. இடைவெளி, டேங்கில் எளிதில் தானாக வெடிக்காத 98 ஆக்டேன் பெட்ரோல். விகிதம் 11.5க்கு வந்த பிறகே டைமிங்கைத் தொட்டேன். பூஸ்ட் வரும் இடத்தில் 6 டிகிரி குறைத்துத் தொடங்கி, ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டினேன். நான்காவது டிகிரியில் அந்த டப்பாச் சத்தத்தை உணரும் நாக் சென்சார் லேசாகச் சிணுங்கியது. இரண்டு டிகிரி பின்வாங்கி நிறுத்திவிட்டேன். உள்ளே போகும் காற்று 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டைமிங் இன்னும் 2 டிகிரி தானாகக் குறையும்படியும் வைத்தேன். பாலைவனத்தில் ஓட்டுபவர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உச்சிவெயிலில் அதே மேடு. இரண்டாம் கியரிலேயே ஏறிவிட்டது. டப்பாச் சத்தம் இல்லை.