கொட்டலசு ஒட்டிய கடல்கல்: மீன்தொட்டிக்காரர்கள் செய்யும் தவறுகள்

மும்பை, இரத்னகிரி பக்கம் போய்வரும் சேலத்துக்காரர்கள் பையில் கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டிய கறுப்பு எரிமலைக் கல் ஒன்று வந்துவிடுகிறது, தொட்டியில் வைக்க. கழுவ வேண்டும், கையைக் கிழிக்கும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும்.

கறுப்பெல்லாம் எரிமலைக் கல் அல்ல

புதுச்சேரிக் கடலோரத்தில் குவித்திருக்கும் கற்கள் மலையை உடைத்து லாரியில் கொண்டுவந்தவை. ஏற்காட்டுப் பாதையில் தெரியும் சார்னோகைட் என்ற கறுத்த பாறையும் எரிமலைக் குழம்பு உறைந்தது அல்ல; பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது. உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். சார்னோகைட்டில் எண்ணெய் தடவினாற்போன்ற பளபளப்போடு தாதுக்கள் மணிமணியாகத் தெரியும். பசால்ட் என்ற எரிமலைக் கல்லில் மணி கண்ணுக்குப் பிடிபடாது. துளை இருக்கிறதே என்று மட்டும் எரிமலைக் கல் என நம்ப வேண்டாம். தாது உதிர்ந்த இடமும் துளைதான்.

வேகவைப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத வேலை இது. கிருமி சாகட்டும் என்று பழைய குண்டானில் போட்டு அடுப்பில் ஏற்றுகிறார்கள். கல்லில் பழுப்பாகவோ பச்சையாகவோ தோல்போலப் படர்ந்து, மேலே சட்டைப் பொத்தான் அளவில் வட்ட வட்டமாக இருப்பது சோவாந்திட், பவளத்துக்கு உறவான கடலுயிர். அதன் சில இனங்களில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. கொதிநீரில் அது அழியாது, ஆவியோடு காற்றில் ஏறும். காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல் என்று வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் வெளிநாடுகளில் உண்டு. வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதும், காய்ந்த கல்லை பிரஷ்ஷால் சுரண்டுவதும் இதே ஆபத்துதான். நஞ்சு ஒருபுறம் இருக்க, துளைக்குள் நிற்கும் நீர் ஆவியாகிக் கல்லையே பிளக்கலாம்.

அந்தப் படர்வு இருந்தால் கல்லை எடுக்கவே வேண்டாம். எடுத்தாகிவிட்டது என்றால் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெட்டவெளியில், 5% திரவ ப்ளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு சேர்த்து, மூடிய பக்கெட்டில் ஒரு நாள் ஊறவிடுங்கள். ஈரத்தோடேயே சுரண்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆர்.ஓ. வைத்திருப்பவர்களிடம் நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். ஊறின தண்ணீரின் அளவும் குழாய்த் தண்ணீரின் அளவும் ஒன்றானால்தான் உப்பு இறங்கியதாகக் கணக்கு. இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அவசரப்பட்டு ஷோகேஸில் வைத்தால் வெள்ளையாக உப்புப் பூத்து, கல்லின் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும். தொட்டிக்கு என்றால் கடைசியாக, மீன்கடையில் விற்கும், குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைத்த நீரில் ஒருமுறை போட்டெடுங்கள்.

ஆசிட்

கொட்டலசு கரைந்துபோகும். ப்ளீச் பக்கெட்டில் ஊற்றினால் குளோரின் வாயு.

நன்னீர்த் தொட்டி

கொட்டலசு ஓட்டிலுள்ள சுண்ணாம்பு நீரின் கடினத்தைக் கூட்டும். நம் போர் தண்ணீருக்கு அது வேறு வேண்டுமா? ஆப்பிரிக்க சிக்லிட் மீன் தாங்கும், டிஸ்கஸ் மீன் தாங்காது.

பவளம்

தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் குனிந்து பாருங்கள்: கொட்டலசு குட்டி எரிமலை மாதிரி, உச்சியில் ஒரே வாய், பவளத்தில் நட்சத்திர வடிவில் பல குழிகள்.