ராத்திரிப் பேர் எந்த நாளில் விழும்? தரவுத்தளத்தில் நேரம் தவறும் இடங்கள்

“தம்பி, ஒண்ணாந் தேதி பேரு விழலையே.”

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு நான் எழுதிக்கொடுத்த செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) மென்பொருளின் முதல் சம்பளத்திலேயே இந்தக் கேள்வி வந்தது. பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடும். கேட்டவர் அதை உருட்டும் ரோலருக்கு வருவது விடியற்காலை 2 மணிக்கு. சர்வர் ஓடியதோ யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில், அது இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நான் பதிவு நேரத்திலிருந்து தேதியை அப்படியே வெட்டி எடுத்துக் கூட்டியிருந்தேன். யூடிசியில் அப்போது முந்தின நாள் இரவு 8:30. அவருடைய பேர் போன மாதக் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. நள்ளிரவு முதல் காலை 5:30 வரை வந்த எல்லாப் பதிவுகளுக்கும் இதே கதிதான். யூடிசியில் சேமித்ததில் பிழையில்லை. இலங்கை நேரத்துக்கு மாற்றிய பிறகே தேதியை எடுத்திருக்க வேண்டும்.

மாற்றுவதென்றால் எல்லோர் கையும் ஐந்தரை மணியைக் கூட்டத்தான் போகும். அது அடுத்த தவறு. 1996இல் மழை பொய்த்தது. காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களை நம்பியிருந்த நாட்டில் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வர, மே 25ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி யூடிசியோடு உள்ள இடைவெளியை 6:30 ஆக்கினார்கள். அக்டோபர் 26இல் அது 6:00 ஆனது. பழைய 5:30க்குத் திரும்பியது 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள். ஆகவே 2000ஆம் ஆண்டின் காலை 8 மணிப் பதிவு யூடிசியில் 2:00 என்று சரியாக ஏறியிருக்கும். ஐந்தரை கூட்டி எடுத்தால் 7:30 என்று வரும். பழைய செக்ரோலைக் கணினியில் ஏற்றும் எவருக்கும் அந்த அரை மணி கணக்கில் இடிக்கும். 2006இல் திரும்பிய அந்த இரவில் 12:00 முதல் 12:30 வரை இரண்டு முறை வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘12:10’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் எந்த 12:10 என்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே எண்ணைக் கூட்டாமல் ‘ஆசியா/கொழும்பு’ என்ற வலயப் பெயரைக் கொடுங்கள். இந்த வரலாறு முழுதும் அதற்குள் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் வலய அட்டவணைகளை முதலில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயரைக் கொடுத்து மாற்றும்போது பிழை எதுவும் சொல்லாமல் ‘நல்’ (மதிப்பு இல்லை) வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் ‘டைம்ஸ்டாம்ப்டிஇசட்’ வகையைப் பயன்படுத்துங்கள். பெயரைப் பார்த்து அது வலயத்தையும் சேமிப்பதாக நினைப்பவர்கள் அதிகம். உள்ளே இருப்பது யூடிசி கணம் மட்டுமே.

நேரத்தை எழுத்தாக்கிக் காட்டும் வடிவக் குறிகளில் ஒரு வேடிக்கை. போஸ்ட்கிரெஸ்ஸில் நிமிடத்துக்கு ‘எம்ஐ’. ‘எம்எம்’ என்றால் மாதம். மாற்றிப் போட்டால் மே மாதம் முழுக்க எல்லா நேரமும் 05 நிமிடத்திலேயே நிற்கும். ‘எச்எச்’ மட்டும் போட்டால் பிற்பகல் 2 மணியும் 02 ஆகிவிடும், ‘எச்எச்24’ போடுங்கள். உள்ளே வாங்கும்போது 04/05/2024 போன்ற எழுத்தை ஏற்காதீர்கள், அது மே 4ஆ ஏப்ரல் 5ஆ என்று தெரியாது; 2024-05-04 என்றே கேளுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு நேரங்களை வெறும் கழித்தல் குறியால் கழித்தால் அவை எண்களாகிவிடும். 9:00இலிருந்து 8:50ஐக் கழித்தால் பத்து நிமிடத்துக்குப் பதில் 5000 (90000 − 85000) வரும். ‘டைம்ஸ்டாம்ப்டிஃப்’ இருப்பது இதற்குத்தான். மே 1 முதல் மே 31 ‘பிட்வீன்’ என்று கேட்டால் 31ஆம் தேதி நள்ளிரவோடு நின்றுவிடும், அன்றைய கொழுந்து முழுக்க விடுபடும். மே 1 அல்லது அதற்கு மேல், ஜூன் 1க்குக் கீழ் என்று கேளுங்கள்.

பிறந்த தேதி, ஓய்வு பெறும் தேதி இரண்டுக்கும் ‘டேட்’ வகை போதும். மைஎஸ்க்யூஎல்லின் ‘டைம்ஸ்டாம்ப்’ 1970க்கு முன் பிறந்தவர்களை ஏற்காது. மறுமுனையில் அது இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8:44:07உடன் முடிகிறது. இன்று கொழுந்து பறிக்கும் இளையவர்களில் பலர் ஓய்வு பெறுவது அதற்குப் பிறகுதான்.