11 பொங்கல் அட்டைகள் குப்பைக்குப் போன கதை: ரப்பர் ஸ்டாம்பும் வாட்டர்கலரும் சேரும்போது வரும் தவறுகள்

போன ஞாயிறு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் வாழ்த்து அட்டை செய்ய உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு கல்லூரிப் பெண் கிளி ஸ்டாம்பைக் கொஞ்சமும் பிசகாமல் பதித்தாள். இறக்கையில் ஈரப் பச்சையை வைத்தாளோ இல்லையோ, கறுப்புக் கோடு கரைந்து கிளி காக்காய் ஆகிவிட்டது. "பேட்ல வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கே அக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வார்த்தையை நானும் ஒரு கடைக்காரரிடம் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஸ்டாம்பைத் தலைகீழாகப் பதிப்பது, விரல் மை அட்டையில் படுவது போன்றவை நாலாவது அட்டையில் தானாகவே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். காசைத் தின்கிற தவறுகள் வேறு.

ஒன்றைக்கூட முடிக்காமல் எல்லாவற்றிலும் அச்சடிப்பது

சில வருடங்களுக்கு முன் மார்கழிக் கடைசியில் எனக்கு 60 பொங்கல் அட்டைகளுக்கு ஆர்டர் வந்தது. பானை, இரண்டு கரும்பு, மஞ்சள் கொத்து. காட்டன் தாளில் வாட்டர்கலர் என்று பேச்சு. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம்) ஏ4 தாள் ஒன்றை நான்காக வெட்டினால் நான்கு அட்டைக்கு முகப்பு வரும். ஆக 15 தாள்.

மையைச் சோதிக்காமலும் இல்லை. ஜெராக்ஸ் தாளில் ஒரு பானையைப் பதித்து, கொஞ்ச நேரம் கழித்து ஈர விரலால் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அந்தத் தெம்பில் ராத்திரி உட்கார்ந்து 60-லும் பதித்துவிட்டுப் படுத்தேன். காலையில் முதல் பானையில் மஞ்சளை இழுத்தேன், ஓரம் சாம்பலாகக் கலங்கியது. காயவில்லை போலிருக்கிறது என்று ஹீட் கன் (கடும் சூட்டுக் காற்று வீசும் கருவி) காட்டி அடுத்ததை எடுத்தேன். அதுவும் கலங்கியது. தண்ணீரைக் குறைத்தேன், தூரிகையை மாற்றினேன், கறுப்புக் கோட்டைத் தொடாமல் உள்ளே மட்டும் தீட்டிப் பார்த்தேன். புத்தி வரும்போது 11 அட்டை போயிருந்தது. மிச்சம் 49-ஐக் கலர் பென்சிலில் தீட்டிக் கொடுத்தேன். "நாங்க கேட்டது வாட்டர்கலராச்சே" என்று பாதிப் பணம்தான் வந்தது. நியாயம்தான்.

என் சோதனை ஏன் பொய்த்தது என்று பிறகுதான் புரிந்தது. ஜெராக்ஸ் தாள் மையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். வாட்டர்கலர் தாளுக்கோ, வண்ணம் உடனே ஊறிவிடாமல் இருக்க ஜெலட்டின் போன்ற பசைப் பூச்சு உண்டு. அந்தப் பூச்சு மையையும் மேலேயே நிறுத்திவைக்கும். போதாததற்கு ஈர விரல் ஒரு தொடுதல், தூரிகையோ ஒரே இடத்தில் ஒரு நிமிடம் தண்ணீரோடு தேய்க்கும். இரண்டும் ஒன்றாகுமா?

ஆகவே நீங்கள் வண்ணம் தீட்டப் போகும் அதே தாளின் துண்டில் சோதியுங்கள். பதித்து அரை மணி நேரம் விடுங்கள். வெறும் தண்ணீரில் தோய்த்த தூரிகையால் கோட்டின் மேல் ஐந்தாறு முறை முன்னும் பின்னும் தேய்த்து, வெள்ளை டிஷ்யூவை வைத்து அழுத்துங்கள். டிஷ்யூவில் லேசாகச் சாம்பல் தெரிந்தாலும் அந்த மை அந்தத் தாளுக்கு ஆகாது. தெரியாவிட்டால்கூட ஒரே ஒரு அட்டையை உறையில் போடும் நிலை வரைக்கும் முடித்துப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பதியுங்கள். 60 அட்டையானாலும் இதுதான்.

மை வாங்கும்போது நடக்கிற குழப்பம் ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது அதில்தான். "கலரிங் செய்ய ஏற்றது" என்று ஒரு மையைச் சொன்னால், எந்தக் கலரிங் என்று யாரும் கேட்பதில்லை. வீடியோக்களில் பாதிப் பேர் தீட்டுவது ஆல்கஹால் மார்க்கரால். மார்க்கருக்கு அசையாத சாயமை பல சமயம் தண்ணீரில் ஓடும். மறுபக்கம், ஸ்டேஸ்ஆன் மாதிரி சால்வென்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹால் மார்க்கர் பட்டால் கலங்கிவிடும். வாட்டர்கலருக்கு நான் இப்போது கையில் எடுப்பது வெர்ஸாஃபைன் போன்ற, எண்ணெய் சேர்ந்த பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத்துகள் கொண்ட மை. மெல்லிய கோடுகூடத் தெளிவாக விழும். காயத்தான் நேரமெடுக்கும், அதிலும் சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ரொம்பவே. அவசரம் என்றால் ஹீட் கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டலாம்.

அலுவலக ஊதா ஸ்டாம்ப் பேடைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த மை தண்ணீரைக் கண்டதும் கிளம்பிவிடும்.

எண்ணெய் மையில் கோடு, அதன்மேல் நீர் வண்ணம் என்கிற ஏற்பாடு புதிதல்ல. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டையே அப்படிப் பிறந்ததுதான். ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த படத்தைக் கல்லச்சில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டி, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார்கள். கல்லச்சு மை கொழுப்பு மை. தண்ணீருக்கு ஓடாது.

மை ஓடுவதே அழகு என்பவர்களும் உண்டு. டிஸ்ட்ரெஸ் மை தண்ணீர் பட்டால் கரையவேண்டும் என்றே செய்யப்பட்டது. அதில் வெளிர் நிறம் ஒன்றை எடுத்துப் பூவைப் பதித்து, கோட்டைத் தூரிகையாலேயே உள்ளே கரைத்துவிட்டால் அச்சடித்த தடமே தெரியாது. ஆனால் அது தெரிந்து செய்வது.

முகப் பவுடர் பூசாமல் எம்பாஸிங்

ஓடாத கோட்டுக்கு இன்னொரு வழி, ஒட்டும் மையில் பதித்து எம்பாஸிங் பவுடரைத் தூவி உருக்குவது. எழும்பி நிற்கும் கோடு வரப்பு மாதிரி வண்ணத்தைத் தடுத்து நிறுத்தும், கை நடுங்கும் புதியவர்களுக்கு வசதி. ஆனால் நம் ஊர் ஈரத்துக்குத் தாள் முழுக்கப் பவுடர் ஒட்டிக்கொள்ளும், உருக்கியதும் தங்க அம்மை போட்ட மாதிரி இருக்கும். பதிப்பதற்கு முன் கொஞ்சம் முகப் பவுடரைத் துணியில் தொட்டுத் தாளில் தட்டி, உதறிவிடுங்கள். இதற்கென்று விற்கும் பை வாங்கினாலும் சரி, நான் இன்னும் டால்கம் பவுடர்தான்.

உருக்கும்போது எம்பாஸிங் பவுடர் பளபளவென்று மாறிய நொடியில் சூட்டை நகர்த்துங்கள். அதிகம் காட்டினால் தாளுக்குள் இறங்கிக் கோடு தட்டையாகிவிடும்.

ஹீட் கன்னுக்குப் பதில் ஹேர் டிரையர்

பவுடர் பறக்கும். உருகாது.

300 ஜிஎஸ்எம் என்றதுமே நம்புவது

அது எடைக் கணக்கு மட்டுமே. அதே எடையில் வழவழப்பான கார்டு ஸ்டாக்கும் கிடைக்கும், அதில் இரண்டாவது முறை தூரிகை ஓட்டினால் தாள் நார்நாராகப் பிரியும். சொரசொரப்பான கோல்ட் பிரஸ் தாளில் வண்ணம் அருமையாக நிற்கும், ஸ்டாம்ப்தான் பள்ளங்களில் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பதியும். நுணுக்கமான ஸ்டாம்புக்கு ஹாட் பிரஸ் எனப்படும் சொரசொரப்பில்லாத வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். கோல்ட் பிரஸ்தான் கையில் இருக்கிறதென்றால் தாளுக்கு அடியில் பழைய மவுஸ் பேடை வைத்து அழுத்திப் பாருங்கள், பாதிக் குறை தீரும்.

மடித்த அட்டையிலேயே வண்ணம் தீட்டுவது

வளையும். தனித் துண்டில் தீட்டி, காய்ந்தபின் ஒரு நாள் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்து, இரட்டைப் பக்க டேப்பால் அட்டையில் ஒட்டுங்கள். ஃபெவிகாலைத் தாராளமாகத் தடவினால் மறுபடி சுருங்கும்.

தமிழ் எழுத்தைச் சின்னதாக ஸ்டாம்ப் போடச் சொல்வது

கடையில் கிடைக்கும் ஸ்டாம்புகளில் தமிழ் வாசகம் அபூர்வம். அதனால் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் சொல்லிச் செய்வோம். ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு நமக்குப் போதாது. "வாழ்த்துகள்" என்பதில் மூன்று புள்ளி இருக்கிறது, ழகரத்தின் சுழியும் இருக்கிறது. சின்னதாகப் போனால் சுழி மையால் அடைத்துக்கொள்ளும், புள்ளி ஒன்று விழும், ஒன்று விழாது. கணினியில் பெரிதாகக் காட்டும்போது எல்லாம் நன்றாகவே தெரியும். பதியப் போகும் அளவிலேயே பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். "வாழ்த்துக்கள்" என்று க் போட்டுச் செய்த ஸ்டாம்ப் ஒன்று என் அலமாரியில் கிடக்கிறது, தமிழாசிரியர் ஒருவருக்கு அனுப்பிய அட்டையில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது.

அழிப்பானில் நீங்களே செதுக்குவதாக இருந்தால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரையவேண்டும். பென்சிலால் தாளில் எழுதி, அந்தப் பக்கத்தை அழிப்பான்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் தானாகவே திரும்பி விழும்.

ஸ்டாம்பைக் கழுவி வெயிலில் வைப்பது

ரப்பர் வெடிக்கும். நிழலில் காயட்டும்.

அட்டையை வெட்டியபிறகு உறை தேடுவது

உறையை முதலில் வாங்குங்கள்.